யானைக் காது

– மூஞ்ச மூடிக்கினு வாசல்லயே நின்னா நான் இன்னான்னு நெனைக்கிறது டீச்சர்? உள்ள வா. பால்வாடிய யாரு பாத்துக்குறா?

– ஆயா இருக்காங்க. இன்னிக்கி புள்ளைங்கள சீக்கிரமாவே அனுப்பிட்டோம். ஞானம்மாக்கா, அந்த மிஷின கொஞ்சம் நிறுத்துங்க.

– தோ, இந்த தும்பிக்கைய மட்டும் முடிச்சிடுறேன். பாதில வுட்டா தையலு கோணிக்கும். நீ கேட்டது பன்னெண்டு, நான் பதினாலு தச்சிட்டேன். ஒம்போது யானை, அஞ்சி முயலு. கொடில தொங்குது பாரு. கிறிஸ்மஸ் லீவு முடிஞ்சி புதுசா சேர்ற புள்ளைங்களுக்கு கொறையக் கூடாதுல்ல.

– பாத்தேன்க்கா. அது வந்து… ஒரு டம்ளர் தண்ணி குடுங்களேன்.

– இன்னா கேட்ட?

– தண்ணி.

– ஆறு வருசமா இந்த ஊட்டுக்கு வந்து போற. பையில பாட்டல் இல்லாம நீ வந்ததில்ல. நானும் ஏன்னு கேட்டதில்ல. இந்தா. அந்த மாஸ்க்க கயட்டிட்டு குடி. பாட்டல் தண்ணி அதுக்குள்ள தீந்துடிச்சா?

– வெயில்ல நடந்து வந்தேன்ல, அதான். அக்கா, வெளில வேப்பமரத்தாண்ட போயி பேசலாமா?

– உள்ள பேன் ஓடுது, வெளில அனல் அடிக்குது. வெளில போவணும்ன்ற. அந்த சாக்குல இன்னா கீது?

– அத தொடாதீங்க.

– காது தெரியுதே. என் யானை காது தானே அது? பிஞ்சி போச்சா? குடு, தச்சி தரேன். இதுக்கா இம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்த?

– பிஞ்சி போகலக்கா. திருப்பிக் குடுத்துட்டாங்க.

– யாரு?

– எல்லாரும். பதினெட்டு புள்ளைங்க வீட்டுலயும். இனிமே நீங்க தைக்க வேணாம்க்கா. கொடில இருக்குறது, தைக்காம கெடக்குற துணி, உள்ள அடைக்கிற பஞ்சு, எல்லாத்தையும் நானே எடுத்துட்டுப் போயிடுறேன்.

– புரிஞ்சிச்சி. ஜானகியம்மா ஊட்டுலேர்ந்து ஆரம்பிச்சிச்சா?

– யாரு வீடுன்னு எதுக்குக்கா இப்ப?

– அவங்க பேத்தி நந்தினி போன மாசம் என் யானைய இடுப்புல வச்சிக்கினு கழனி வரப்புல நின்னுக்கினு இருந்தா. அந்தம்மா என்ன பாத்துச்சி, யானைய பாத்துச்சி, ஒண்ணும் சொல்லாம புள்ளைய இட்டுக்கினு போச்சி. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சி. எங்கம்மா அவங்க கழனில குனிஞ்ச முதுகு நிமிராம நாத்து நட்டவ. எங்க கை பட்ட நெல்லு அவங்க ஊட்டுக்குள்ள போவும். எங்க கை பட்ட பொம்ம போவாது. காலனிக்காரி தச்சத புள்ள வாயில வைக்குதேன்னு ஒவ்வல. அதானே டீச்சர்?

– அத விட்டுடுங்கக்கா.

– வாய தொறந்து சொல்லு. அதானே?

– ஆமாக்கா. அது தான்.

– என் மூஞ்ச பாத்து சொல்லு.

– ஆமா. ஊர்ல பேசிட்டாங்க. நான் எவ்வளோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. விட்டுடுங்கக்கா. உங்க மனசு எனக்குத் தெரியும். போதும், நிறுத்திக்கலாம்.

– என் மனசு உனக்கு தெரியும்ன்ற. தெரிஞ்சா இத்தினியும் அள்ளி சாக்குல போட்டுக்கினு வருவியா நீ? எம் புள்ள அந்தோணி செத்து எட்டாம் நாளு, நான் இந்த மிஷினு மேலயே தலைய சாச்சிக்கினு கெடந்தேன். நீ தானே வந்த. "யக்கா, அவனுக்கு தச்ச மாதிரி ஒரு யானைய பால்வாடிக்குத் தச்சிக் குடு, புள்ளைங்க கேக்குது"ன்னு நீ தானே சொன்ன. அன்னிக்கி ஏந்து உக்காந்தவ தான் நான். இல்லாங்காட்டி நானும் அப்பவே அவன் பின்னால போயிருப்பேன்.

– தெரியும்க்கா. நான் தான் கேட்டேன். நான் தான்.

– அதுக்கு ஏன் நீ அழுவுற? அழ வேண்டியவ நானு. ஒவ்வொரு பொம்ம வால் அடியிலயும் ஒரு சேப்பு நூலு முடிச்சி போட்டிருப்பேன், பாத்திருக்கியா? அது எங்க அந்தோணிக்கி. யாரு ஊட்டு புள்ள தூக்கிக்கினு போனாலும் அதுல ஒரு ஓரமா இவனும் போறான்னு நெனச்சிக்குவேன். ஊர்ல, மாடி வச்ச மெத்த ஊட்டுல, இவன் வாசப்படி ஏறாத ஊட்டுலல்லாம் போயி படுத்துக்கினு வர்றான்னு நெனச்சி சிரிச்சிக்குவேன். எல்லாரையும் தொரத்தி வுட்டுட்டாங்களா இப்ப.

– போதும்க்கா. நான் பஞ்சு மூட்டைய எடுத்துக்கிறேன். எங்க வச்சிருக்கீங்க, கட்டிலுக்கு அடியிலயா?

– இரு. இன்னா அவசரம் உனுக்கு? புள்ளைங்க இன்னா சொல்லுச்சி? அத சொல்லு. புள்ளைங்களும் வாணாம்னுச்சா?

– புள்ளைங்க அழுதுச்சிங்க. ஒண்ணும் குடுக்க மாட்டேன்னுச்சி.

– ஆங். புள்ளைக்கு இன்னா தெரியும் ஊரும் காலனியும். அந்த காது இருக்குது பாரு, அத வுடாதுங்க. முயலு தச்சா கூட காது தான் மொதல்ல வாயிக்குப் போவுது. நான் கூட கேட்டேன் நந்தினிய, "ஏன் கண்ணு, காத சப்பி சப்பி பிசினாட்டம் ஆக்கி வச்சிக்கிற"ன்னு. இன்னா சொல்லுச்சி தெரியுமா? "தித்திக்குது ஆயா"ன்னுச்சி. எங்க அந்தோணியும் அதையே தான் சொல்லுவான். "யம்மா, யானை காது தித்திக்குதும்மா"ன்னுவான். நான் அவங்கப்பாகிட்ட சொல்லி சிரிப்பேன். "என் கைப்பக்குவம் பாத்தியா, துணிய தச்சாலும் தித்திக்குது"ன்னு. ஏன் டீச்சர் அப்படி பாக்குற?

– ஒண்ணும் இல்ல. அக்கா, அந்த யானைய கீழ வைங்க. மடில வச்சிக்காதீங்க.

– நான் தச்ச யானைய நான் மடில வச்சிக்கக் கூடாதா?

– வேணாம்க்கா, கீழ வைங்க.

– இன்னா பேஜாரா போச்சி உன்னோட. சரி, நான் இத்தோட வுட மாட்டேன். இந்த சாக்க தூக்கு. ஜானகியம்மா ஊட்டு வாசல்ல போயி கொட்றேன். நடு வாசல்ல. எந்த கையி தப்பு பண்ணிச்சின்னு என் கைய பாத்து சொல்லட்டும். எங்க ஊட்டுக்காரரு கேட்டா உன்னையும் வுட மாட்டாரு. அவரு தானே பஞ்ச மூட்ட மூட்டையா தூக்கிக்கினு வந்து போட்டாரு.

– போகாதீங்க. அந்த வீட்டுக்கு மட்டும் இப்ப போகாதீங்க. அங்க யாரும் இல்ல.

– எங்க போனாங்க?

– மெட்ராஸ்ல இருக்காங்க. வேல.

– நடவு நேரத்துல அந்தம்மா மெட்ராஸுக்கு போவாது. நீ இன்னாத்தையோ மறைக்கிற. சாக்க இப்படி நவுத்து.

– தொடாதீங்கன்னு சொல்றேன்ல.

– வுடு கைய. இது நந்தினியோடது, சரி. பிரவுன் பட்டன் கண்ணு. இது சுப்பிரமணி ஊட்டு புள்ளது, ஊரு, சரி. இது… டீச்சர், இது யாருது தெரியுமா?

– தெரியல.

– எனுக்கு தெரியும். ஒரு கண்ணு கருப்பு, ஒரு கண்ணு நீலம். பட்டன் பத்தல, அப்படி வச்சேன். இது நாலாவது ஊட்டு சுகிர்தா பையனுது. சுகிர்தா எங்க சித்தி பொண்ணு. அவளுக்கும் என் கை தீட்டா? இது முத்தம்மா ஊட்டுது. இவளும் காலனி தான். எங்க சபையில பக்கத்து பாய்ல உக்காந்து பாடுறவ. இவங்களும் குடுத்துட்டாங்களா?

– அக்கா.

– நீ நல்லா பொய் சொல்ல மாட்ற டீச்சர். காலனிக்காரி கை ஆவாதுன்னு சொல்ல வந்தவ, அந்த கையால மொண்டு குடுத்த தண்ணிய குடிக்க மாட்டா. வந்ததும் வராததுமா அதான் எனுக்கு இடிச்சிச்சி. ஜாதின்னு நான் சொன்னேன். நீ புடிச்சிக்கின. இன்னா விசயம், உள்ளத சொல்லு.

– நீங்க அப்படியே நெனச்சிக்கங்கக்கா. உங்கள கும்புட்டு கேக்குறேன். ஊர திட்டுங்க, என்ன திட்டுங்க. நான் சாக்க எடுத்துட்டு போயிடுறேன்.

– நந்தினிக்கி இன்னா? புள்ளைக்கு இன்னா ஆச்சி டீச்சர்?

– ஆஸ்பத்திரில இருக்குது. பொழச்சிக்கும்னு சொல்லிட்டாங்க, பயப்படாதீங்க. ரெண்டு மாசமா வயித்த வலின்னுச்சி. சாப்பிடல. மூஞ்சி வெளுத்துப் போச்சி. நல்லா பாட்டு சொல்ற புள்ள, நாலு வார்த்த கோத்து பேச மாட்டேன்னுச்சி. பூச்சி மருந்து குடுத்தாங்க, மந்திரிச்சாங்க. போன வாரம் மெட்ராஸ்ல ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டினாங்க. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எந்த ஊரு?" கும்மிடிப்பூண்டி பக்கம்னு சொன்னதும், கம்பெனிங்க நெறஞ்ச எடமாச்சேன்னு ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டாரு.

– இன்னா வந்துச்சி?

– ஈயம். புள்ளையோட ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குது.

– ஈயமா? ஊர்ல ஈயச்சொம்புல ரசமே வைக்கிறாங்க. அதுல இன்னா வந்துடும்?

– அது வெள்ளீயம்க்கா. இது காரீயம். பேட்டரிக்குள்ள இருக்குறது. நாக்குல பட்டா தித்திக்குமாம், ஆனா புள்ளைங்களுக்கு அது விஷம். வயித்த கட்டிப் போடும், ரத்தத்த உறிஞ்சிடும், அப்பறம் தலைக்கு ஏறிடும்.

– பேட்டரிக்குள்ள இருக்குறது.

– ஆமா.

– சொல்லு. நிறுத்தாத.

– புதன்கெழம ஒரு டீம் வந்தாங்க. மத்த பதினேழு புள்ளைங்களுக்கும் ரத்தம் எடுத்தாங்க. துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின் வச்சிருந்தாங்க, ஈயம் இருந்தா நம்பரு காட்டுமாம். செவுத்துல வச்சாங்க, மண்ணுல வச்சாங்க, சோத்து தட்டு, தண்ணி டேங்கு, எல்லாத்துலயும் வச்சாங்க. ஒண்ணும் இல்ல. கெளம்புற நேரம், சுகிர்தாவோட பையன் அந்த யானைய கட்டிக்கிட்டு மூலைல உக்காந்திருந்தான். அந்த டாக்டரம்மா சும்மா வெளையாட்டா, "உன் யானைக்கும் ஊசி போடலாமா நைனா"ன்னு அத காதுல வச்சாங்க.

– காதுலயா.

– நம்பரு ஏறிச்சிக்கா. ஏறிக்கிட்டே இருந்துச்சி. மிஷின் ரிப்பேரான்னு பாத்துட்டு திரும்பவும் வச்சாங்க. முயல்ல வச்சாங்க. அதுலயும் ஏறிச்சி.

– முயலு புதுவாயல் டைலர் கடை துணி. பூப்போட்ட ஜாக்கெட்டு பிட்டு. அத நானே போயி வாங்கியாந்தேன்.

– மேல தான்க்கா அந்த துணி. உள்ள?

– உள்ள…

– உள்ள எல்லாத்துக்கும் ஒரே பஞ்சு தானே.

– கம்பெனி பஞ்சு.

– ஆமா.

– அது பஞ்சே இல்ல டீச்சர். பழைய பேட்டரிய உருக்குறாங்கல்ல, அந்த அடுப்பு பொகைய வடிகட்டுற பில்டர் துணி. மாசத்துக்கு ஒரு வாட்டி மாத்துவாங்க. பழச தூக்கி வெளில போட்டுடுவாங்க. கம்பளி மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கும். எங்க ஊட்டுக்காரரு தான் பாத்துட்டு, "ஞானம், இத புள்ளைக்கு காதுக்கு வச்சி தை, நல்லா தடியா நிக்கும்"னு கொண்டாந்தாரு. மேல் துணிக்கு அவரோட பழைய யூனிபார்மு. அந்த நீலம்.

– தொவைக்க மாட்டீங்களாக்கா அத?

– யூனிபார்ம தொவைப்பேன். அத தொவைக்கக் கூடாது. தண்ணி பட்டா கட்டி கட்டியா பூடும், அடைக்க வராது. அதுக்குன்னு அவரு தென்ன மட்டைய எடுத்துக்கினு பின்னால போயி தட்டுவாரு. சாம்ப கலருல பொகையா பறக்கும். எங்க அந்தோணி அதுக்குள்ள பூந்து பூந்து ஓடுவான். "அப்பா இன்னும், அப்பா இன்னும்"னு கத்துவான். அவரும் சிரிச்சிக்கினே இன்னும் ஓங்கி தட்டுவாரு.

– அக்கா, போதும்.

– தலைலல்லாம் மாவு கொட்டுனாப்புல வந்து நிப்பான். முந்தானையால தொடச்சி வுட்டு முத்தம் குடுப்பேன்.

– ஞானம்மாக்கா, இதுக்கு தான் நான் ஜாதின்னே இருக்கட்டும்னு விட்டேன். நீங்க ஊர திட்டி தீத்துட்டு ஒரு வாரத்துல மறந்துடுவீங்கன்னு நெனச்சேன்.

– நந்தினிக்கி மருந்து இருக்குதுன்னியே.

– இருக்குது. ஊசி போடுறாங்க. ஈயத்த கொஞ்சம் கொஞ்சமா வெளில எடுத்துடும்னாங்க. மத்த புள்ளைங்கள்ல நாலு பேருக்குத் தான் அதிகமா இருக்குதாம். பொம்மைய எடுத்துட்டு, நல்லா சாப்பாடு குடுத்து பாத்துக்கிட்டா கொறஞ்சிடுமாம். ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. நான் ரெண்டு வாட்டி கேட்டுட்டேன்.

– அந்த ஊசி ரெண்டு வருசத்துக்கு முன்னால இருந்துச்சா?

– இருந்திருக்கும்க்கா.

– மூளைக்காய்ச்சல்னாங்க. எழுதியே குடுத்தாங்க. வயித்த வலி வலின்னு துடிச்சான். வாந்தி. அப்பால வலிப்பு வந்துச்சி. "எந்த ஊரு"ன்னு எங்கள யாரும் கேக்கல. பேரு கேட்டாங்க, வயசு கேட்டாங்க. நாங்களா சொல்றதுக்கு எங்களுக்கு இன்னா தெரியும்.

– உங்களுக்கு எப்படிக்கா தெரியும். யாருக்குமே தெரியல.

– இரு. நான் ஒண்ண நெனச்சி பாக்குறேன், நீ பேசாத.

– சரி.

– ஆஸ்பத்திரில சேத்த ரெண்டாம் நாளு, மூணாம் நாளு, கொஞ்சம் தெளிஞ்சான். இட்லி பாதி தின்னான். என்ன அடையாளம் கண்டுக்கினு "யம்மா"ன்னான். அப்பால யானை எங்கன்னு அழ ஆரம்பிச்சான். அவசரத்துல அத ஊட்டுலயே வுட்டுட்டு ஓடியாந்துட்டோம். ஒரே அழுவ. நர்ஸம்மா கூட "எதையாச்சும் குடுத்து சமாதானம் பண்ணும்மா"ன்னாங்க. அவரு பாக்க சகிக்காம ஏந்து போனாரு. அன்னிக்கி ஹைவேல மறியலு, பஸ்ஸு ஓடல. ஒரு லாரிய கையெடுத்து கும்புட்டு ஏறி, புதுவாயல்லேர்ந்து நடந்தே வந்து, யானைய எடுத்துக்கினு மறுபடியும் நடந்து, காலைல வந்து சேந்தாரு. கால்ல செருப்பு இல்ல. சட்டைக்குள்ள வச்சி கொண்டாந்தாரு, மழைல நனையக் கூடாதுன்னு.

– அக்கா…

– குடுத்ததும் காத வாயில வச்சிக்கினு அப்படியே தூங்கிட்டான். அவரு சொன்னாரு, "பாரு ஞானம், யானை வந்ததும் எப்படி தூங்குறான் பாரு"ன்னு. அப்பால அவன் சரியா முழிச்சிக்கவே இல்ல டீச்சர்.

– அதால தான்னு சொல்ல முடியாதுக்கா. ரெண்டு நாள்ல அப்படி ஆகாது. முன்னாலயே ஏறியிருக்கும்.

– எப்ப ஏறினாலும் இந்த ஊட்டுலேர்ந்து தானே போச்சி. இந்த மிஷின்லேர்ந்து தானே போச்சி.

– நீங்க அன்பா தானேக்கா செஞ்சீங்க.

– அந்த வார்த்தைய சொல்லாத. இப்ப அத சொல்லாத.

– சரி. சொல்லல.

– பெட்டில வைக்கும் போது யானைய எடுத்துடலாமான்னு பாஸ்டர் கேட்டாரு. வாணாம், கூடவே இருக்கட்டும்னேன். ஒருக்களிச்சி படுக்க வச்சி, அந்த காது அவன் வாயாண்ட படுற மாதிரி நான் தான் வச்சேன். இந்த கையால. இப்பவும் அங்க அப்படியே தான் கீது.

– என் தோள்ல சாஞ்சிக்கங்க. இப்படி வாங்க. அழுங்கக்கா, அழுதுடுங்க.

– அழுவ வரல. வுடு, என்ன தொடாத. என் பொடவைல்லாம் அந்த தூசு இருக்கும். உன் ஊட்டுலயும் ஒரு புள்ள கீது.

– இருந்தா இருக்கட்டும்.

– மணி இன்னா?

– மூணாகப் போகுது.

– ரெண்டு மணி ஷிப்டு முடிஞ்சி இப்ப வந்துடுவாரு. இன்னிக்கி பில்டர் மாத்துற நாளு. காலைல போவும் போதே சொல்லிட்டு போனாரு, "பெரிய மூட்டையா கொண்டாரேன், கிறிஸ்மஸ்க்கு அம்பது பொம்ம தை"ன்னு. எந்திரி. அந்த கொடில இருக்குறத அவுரு. நான் கட்டிலுக்கு அடியில இருக்குறத எடுக்குறேன்.

– நீங்க எடுக்காதீங்க, நான் எடுக்குறேன். இந்த மாஸ்க்க நீங்க போட்டுக்கங்க.

– எனுக்கு இன்னாத்துக்கு இனிமே மாஸ்க்கு. டீச்சர், அந்த டாக்டரம்மா இது எங்க தச்சதுன்னு கேட்டாங்களா?

– கேட்டாங்க. நான் சந்தைல வாங்கினதுன்னு சொல்லிட்டேன்.

– தப்பு. போயி மாத்தி சொல்லு. நான் தச்சேன்னு சொல்லு. கம்பெனி துணின்னு சொல்லு. அந்த கம்பெனில இந்த தெருலேர்ந்து மட்டும் எட்டு பேரு போறாங்க. அவங்க ஊட்டுலயும் அந்த துணிய தலகாணிக்கு அடைச்சிக்கினு இருக்காங்க. அதுமேல புள்ளைங்க படுத்துக்கினு கீது. இன்னிக்கே வந்து பாக்க சொல்லு.

– சொல்லிடுறேன்க்கா. ஆனா கேப்பாங்க, உங்களுக்கு எப்படி கெடச்சதுன்னு.

– கம்பெனிக்கு பின்னால கொட்டி வச்சிருந்தாங்க, நானே போயி பொறுக்கியாந்தேன்னு சொல்லு. தட்டுனதும் நான், தச்சதும் நான். அவரு பேரு எங்கயும் வரக் கூடாது. எழுதிக் குடுன்னா கூட கையெழுத்து போட்டு தரேன்.

– எத்தினி நாளைக்குக்கா மறைக்க முடியும்? ஊர்ல தெரிஞ்சா அவரு காதுக்கு வராமலா போகும்?

– வரும். எனுக்கு தெரியும். வர்ற அன்னிக்கி நான் அவரு பக்கத்துல இருப்பேன். எப்படி சொல்லணும்னு அதுக்குள்ள யோசிச்சி வச்சிக்கிறேன். ஆனா இன்னிக்கி வாணாம். எட்டு மணி நேரம் அந்த அடுப்பாண்ட நின்னுட்டு வர்றாரு. இன்னிக்கி ஒரு வேள சோறு தின்னுட்டு தூங்கட்டும்.

– வண்டி சத்தம் கேக்குது.

– அவரு தான். மூட்டை கட்டி இருக்குதா பின்னால?

– இருக்குது. பெருசா.

– நீ முன்னால போயி வாசல்லயே மூட்டைய வாங்கிக்கோ. பின்னால எடுத்துக்கினு போயி தட்ட வுட்டுடாத.

– இந்த சாக்க பாப்பாரே. கொடி காலியா இருக்குது. "எங்க என் யானைங்கல்லாம்"னு கேப்பாரே. நான் என்னன்னு சொல்லட்டும்க்கா?

– நீ மொதல்ல எங்கிட்ட சொன்னதையே சொல்லு. ஊர்க்காரங்க நம்ம கை பட்டது வாணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. அத அவரு பொறந்ததுலேர்ந்து தாங்கிக்கினு இருக்காரு டீச்சர், இன்னிக்கும் தாங்கிக்குவாரு.